மாஜோங்: மேசைக்கு வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் எதிர்வீட்டு ஆன்ட்டிதான் எனக்கு மாஜோங் என்ற சீன விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டிலும் மேசை போட ஆரம்பித்தோம். வந்து பார்க்கும் தமிழ் நண்பர்களும் ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். விதிகளுக்கு ஹாங்காங் பழைய முறையை அடிப்படையாக எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர் முறை அதற்கு நெருங்கிய சொந்தம்; மாறும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். மாஜோங் கட்டையைச் சதுரங்கத்தில் சொல்வதுபோல 'காய்' என்றே குறிப்பிடுகிறேன்.

போன்ல ஒரே மாதிரி ரெண்டு படத்தைத் தொட்டு அழிக்கிற கேம்தானே? அதை நான் தினமும் ஆடுறேனே!

அது வேறு விளையாட்டு. மாஜோங் காய்களின் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 1981இல் பிரோடி லாக்கார்ட் என்ற அமெரிக்கர் பிளேட்டோ என்ற கணினி வலையமைப்புக்காக அதை எழுதினார். 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் 'ஷாங்காய்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியதும் உலகமெல்லாம் பரவியது. அதை ஒருவர் தனியாக உட்கார்ந்து ஆடலாம்.

உண்மையான மாஜோங்குக்கு நான்கு பேர் வேண்டும். எடுப்பது, போடுவது, அடுத்தவர் போட்டதைப் பார்த்து அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசிப்பது, இதுதான் ஆட்டம். ஆனாலும் போனில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு லாபம் உண்டு: காய்களின் முகங்கள் ஏற்கெனவே பழகியிருக்கும்.

இது எவ்வளவு பழைய விளையாட்டு? கன்ஃபூசியஸ் கண்டுபிடிச்சதுன்னு ஒருத்தர் சொன்னாரே?

அது விற்பனைக்காகக் கிளப்பிவிட்ட கதை. கன்ஃபூசியஸ் வாழ்ந்தது 2500 ஆண்டுகளுக்கு முன்பு. மாஜோங்கோ சிங் வம்சத்தின் பிற்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் உருவானது. இன்று கிடைக்கும் மிகப் பழைய பெட்டிகள் 1870கள் வாக்கில் செய்யப்பட்டவை. அதற்கு முன்னால், மிங் வம்சக் காலத்திலேயே, மாதியாவ் போன்ற காகிதச் சீட்டாட்டங்கள் சீனாவில் இருந்தன. அந்தச் சீட்டுகளின் குறிகள்தான் பிறகு எலும்பிலும் மூங்கிலிலும் ஏறின.

கிழக்குச் சீனாவின் துறைமுக நகரமான நிங்போவில் சென் யூமென் என்பவர் இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தார் என்பது செவிவழிச் செய்தி. அந்த ஊரின் புகழ்பெற்ற பழைய நூலகமான தியான்யி மாளிகை வளாகத்தில் மாஜோங்குக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. பெயரின் பொருள் சிட்டுக்குருவி. காய்களைக் கலைக்கும்போது வரும் கலகல சத்தம் குருவிக் கூட்டம் கத்துவதுபோல இருக்கிறது என்பது பலரும் சொல்லும் காரணம். ஒருமுறை அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் இருந்து கேளுங்கள், பொருத்தமான பெயர் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஒரு பெட்டியில மொத்தம் எத்தனை காய் இருக்கும்? படமெல்லாம் என்னன்னே புரியல.

மொத்தம் 144. அவற்றில் 108 காய்கள் மூன்று இனங்களைச் சேர்ந்தவை: வட்டம், மூங்கில், வான். ஒவ்வொரு இனத்திலும் 1 முதல் 9 வரை எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு காய்கள். மீதியில் நான்கு திசைகளுக்கு 16, சிவப்பு, பச்சை, வெள்ளைக் காய்களுக்கு 12. இதுவரை 136. பூக்கள் நான்கு, பருவங்கள் நான்கு சேர்த்தால் 144 ஆகிவிடும். சிங்கப்பூர்ப் பெட்டியில் பூனை, எலி, சேவல், பூரான் என்று இன்னும் நான்கு விலங்குக் காய்கள் வரும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மூன்று இனங்களும் காசுதான்! வட்டம் என்பது நடுவில் ஓட்டை போட்ட பழைய சீனச் செப்புக்காசு. மூங்கில் என்று நாம் சொல்வது உண்மையில் அந்தக் காசுகளைக் கோத்த சரடு. வான் என்றால் பத்தாயிரம். தனிக்காசு, காசுச்சரம், பத்தாயிரம் என்று ஏறுவரிசையில் நினைத்துக்கொண்டால் பிறகு மறக்காது. மூங்கில் இனத்தில் 1 மட்டும் குச்சியாக இருக்காது, அதில் ஒரு பறவை இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் அதைப் பூக்காய் என்று நினைத்துக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் ஆங்கிலப் பழக்கத்தில் டிராகன் என்கிறார்கள். சீனத்தில் அவற்றுக்கும் டிராகனுக்கும் சம்பந்தமில்லை. சிவப்பில் இருப்பது 'நடு' என்று பொருள்படும் எழுத்து. பச்சையில் இருப்பது செல்வம் பெருகட்டும் என்ற வாழ்த்தில் வரும் எழுத்து. வெள்ளை வெறுமையாக இருக்கும், அல்லது நீலக் கட்டம் மட்டும் போட்டிருக்கும்.

எனக்குச் சீன எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. அப்ப நான் ஆட முடியுமா?

தாராளமாக. வட்டத்தையும் மூங்கிலையும் எண்ணிப் பார்த்தாலே போதும். வான் இனத்துக்கு ஒன்பது எண்களைப் பழக வேண்டும். 1, 2, 3 வெறும் படுக்கைக் கோடுகள். 4 ஒரு பெட்டிக்குள் இரண்டு கால். 7 நாம் எழுதும் 7ஐத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல இருக்கும். 8 உச்சி சேராத கூரை மாதிரி இரண்டு சரிவு. மிச்சம் 5, 6, 9தான். திசைகளில் வடக்கு என்ற எழுத்து இரண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதுபோல இருக்கும். அந்த எழுத்து பிறந்ததும் அப்படித்தான்.

பல பெட்டிகளில் காயின் மூலையில் எண்களும் ஆங்கில எழுத்துகளும் சிறிதாக இருக்கும். சூச்சோ நகரில் அமெரிக்க எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஜோசப் பாப்காக் என்பவர் மேல்நாட்டாருக்காகச் செய்த ஏற்பாடு அது. 1920இல் அவர் விதிப்புத்தகமும் எழுதினார். அதன் பிறகுதான் அமெரிக்காவில் மாஜோங் மோகம் பிடித்துக்கொண்டது. முதல் மாதம் அப்படிப்பட்ட பெட்டியில் ஆடுங்கள். நான் ஒவ்வொரு வான் காய்க்கும் தாளில் தமிழ் எண்ணை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றேன். மூன்று வாரத்தில் தாள் தேவைப்படவில்லை.

எனக்கு ரம்மி நல்லாத் தெரியும். அது போதுமா?

பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. இங்கேயும் கையில் 13. ஒன்றை எடுத்து ஒன்றைப் போட வேண்டும். ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று எண்கள் ஒரு செட். ஒரே மாதிரி மூன்று காய்களும் ஒரு செட். ஜெயிக்கும் கை என்பது நான்கு செட், ஒரு ஜோடி, ஆக 14 காய்.

மாறுகிற இடங்களைக் கவனியுங்கள். ரம்மியில் ஒரே எண் வேறு வேறு இனத்தில் இருந்தால் செட் ஆகும். இங்கே ஆகாது, மூன்றும் அச்சாக ஒரே காயாக இருக்க வேண்டும். நான்கு காய் வரிசை கிடையாது. ஜோக்கர் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், ரம்மியில் முன்னால் ஆடியவர் போட்ட சீட்டை மட்டும்தான் நீங்கள் எடுக்கலாம். மாஜோங்கில் மேசையில் யார் போட்டாலும் உங்களுக்கு அதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே உங்கள் முறை இல்லாதபோதும் கண் மேசையில் இருக்க வேண்டும்.

முதல்ல சுவர் கட்டுறாங்க, பகடை போடுறாங்க, ஆளுக்குக் கொஞ்சம் எடுக்கிறாங்க. அது என்ன சடங்கு?

காய்களைக் கவிழ்த்துப் போட்டுக் கலைத்த பிறகு, ஒவ்வொருவரும் தன் முன்னால் 18 அடுக்கு நீளத்துக்கு, இரண்டு காய் உயரத்துக்கு ஒரு சுவர் கட்ட வேண்டும். ஆளுக்கு 36, நான்கு பேருக்கு 144. பகடையில் விழும் எண்ணை வைத்து யாருடைய சுவரை, எந்த இடத்தில் உடைப்பது என்று முடிவாகும். அங்கிருந்து நான்கு நான்காக மூன்று தடவை, பிறகு ஒன்று. 13 சேர்ந்துவிட்டது. கிழக்கில் இருப்பவர்தான் அந்த ஆட்டத்தின் தலைவர். அவர் ஒன்று கூடுதலாக எடுத்து, முதல் காயைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவார்.

ஏன் இவ்வளவு சுற்று என்றால், யாரும் காய்களை ஒளித்து அடுக்கித் தனக்குச் சாதகமாக எடுத்துவிடக் கூடாது. நான்கு பேர் கையும் பட்டுத்தான் சுவர் எழுகிறது, உடையும் இடமோ பகடைக்குத்தான் தெரியும். பூக்காய் வந்தால் உடனே முகம் தெரியக் கீழே வைத்துவிட்டு, சுவரின் வால் பக்கத்திலிருந்து மாற்றுக்காய் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக்கு வலது பக்கம் தெற்கு உட்கார்ந்திருக்காங்க. வரைபடத்துல அப்படி இல்லையே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். வரைபடத்தின்படி கிழக்கில் உட்கார்ந்து மேசையைப் பார்த்தால் வலக்கைப் பக்கம் வடக்கு வர வேண்டும். மாஜோங் மேசையில் அங்கே தெற்கு இருக்கிறார். ஆட்டம் வலப்பக்கமாகவே நகரும்: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. இதை அப்படியே ஏற்றுக்கொண்டு பழகுவதுதான் வழி.

நான் 'சீ' சொன்னேன், முடியாதுன்னுட்டாங்க. அவங்க 'பொங்' சொன்னா மட்டும் எடுத்துக்கிறாங்க. என்ன நியாயம்?

இதுதான் என்னிடம் அதிகமாக வந்த கேள்வி. அடுத்தவர் போட்ட காயை வைத்து வரிசைச் செட்டை முடிப்பது சீ. அதை உங்கள் இடப்பக்கம் இருப்பவர், அதாவது உங்களுக்கு முன்னால் ஆடியவர் போட்டால் மட்டுமே சொல்லலாம். உங்களிடம் ஏற்கெனவே இரண்டு இருக்க, மூன்றாவதாக அதே காயை எடுப்பது பொங். அதை யார் போட்டாலும் சொல்லலாம். இரண்டும் ஒரே காய்க்கு மோதினால் பொங்தான் ஜெயிக்கும். அதற்கும் மேலே இருப்பது ஆட்டத்தை முடிக்கும் ஹூ.

நியாயம் என்னவென்றால், வரிசை அமைவது சுலபம், ஒரே காய் மூன்று சேர்வது கடினம். கடினமானதற்குச் சலுகை கொடுத்திருக்கிறார்கள். பொங் சொன்னவரிடம் முறை தாவிவிடும். நடுவில் இருப்பவர்கள் அந்தச் சுற்றில் ஆட மாட்டார்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தக் காயோடு உங்கள் கை முழுதாக முடிகிறது என்றால், வரிசைக்காக இருந்தாலும் ஜோடிக்காக இருந்தாலும் யாரிடமிருந்தும் எடுக்கலாம். அப்போது நீங்கள் சொல்வது சீ அல்ல, ஹூ.

காங் போட்டா ஒரு செட்டுக்கு நாலு காய் போயிடுதே. அப்புறம் பதினாலு கணக்கு எப்படிச் சரியாகும்?

காங் என்பது ஒரே காய் நான்கும் சேர்ந்த செட். கணக்கில் அதை மூன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவது காய்க்கு ஈடாகத்தான் சுவரின் வாலிலிருந்து ஒரு மாற்றுக்காய் எடுக்கச் சொல்கிறார்கள், பூக்காய்க்குச் செய்ததுபோலவே. அதை எடுக்க மறந்தால் கை ஒரு காய் குறைந்துவிடும். அதன் விளைவு கடைசிக் கேள்வியில் வருகிறது.

நான்கு காயும் இருந்தால் கட்டாயம் காங் அறிவிக்க வேண்டும் என்பதில்லை. அதில் ஒன்று ஏதாவது வரிசைக்கு உதவும் என்றால் பேசாமல் வைத்திருங்கள்.

நாலு செட்டும் ஜோடியும் சேர்த்துட்டேன். ஆனா ஜெயிக்கலைன்னு சொல்லிட்டாங்க! ஏன்?

உங்கள் கையில் மதிப்பு போதவில்லை. ஹாங்காங்கில் கையின் மதிப்பை ஃபான் என்ற அலகால் அளக்கிறார்கள். பெரும்பாலான மேசைகளில் குறைந்தது மூன்று ஃபான் இருந்தால்தான் ஹூ சொல்லலாம். எதையும் எதையும் ஒட்டவைத்து முடித்த, ஒரு ஃபான்கூட இல்லாத கைக்கு அங்கே 'கோழிக்கை' என்று பெயர். சிங்கப்பூரில் இதே அலகைத் 'தாய்' என்பார்கள், ஒலியில் மட்டும்தான் நம் சொல்லைப் போல. இங்கே ஒரு தாய் இருந்தால் பல மேசைகளில் போதும். முதல் காயை எடுப்பதற்கு முன்பே 'குறைந்தபட்சம் எவ்வளவு?' என்று கேட்டுவிடுங்கள்.

புதியவர்களுடன் ஆடும்போது நான் குறைந்தபட்சம் எதுவும் வைப்பதில்லை. முதலில் கை முடிக்கும் சந்தோஷத்தை ருசிக்கட்டும். நாலைந்து வாரம் கழித்து ஒரு ஃபான், அப்புறம் மூன்று.

இந்த ஃபான் கணக்கை எப்படிப் போடுறது? பெரிய பட்டியலா இருக்கே.

பட்டியல் முழுவதும் ஆரம்பத்தில் வேண்டாம். இவை தெரிந்தால் பெரும்பாலான கைகளை எண்ணிவிடலாம். சிவப்பு, பச்சை, வெள்ளையில் எதையாவது பொங் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 1. உங்கள் இருக்கைத் திசைக் காயைப் பொங் செய்தால் 1, அந்தச் சுற்றின் திசைக்கும் 1 (முதல் சுற்று கிழக்கு, அடுத்தது தெற்கு என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு திசை உண்டு). முடிக்கும் காயைச் சுவரிலிருந்து நீங்களே எடுத்தால் 1. அதை ஸிமோ என்பார்கள். எல்லாமே வரிசையாக அமைந்தால் 1. எல்லாமே பொங்காக அமைந்தால் 3. ஒரே இனமும் கூடவே திசை, வண்ணக் காய்களும் என்றால் 3. சுத்தமாக ஒரே இனம் மட்டும் என்றால் 7.

ஃபான் ஒன்று கூடினால் தொகை இரண்டு மடங்காகும் என்பது அடிப்படை. மூன்று ஃபானுக்கு 8 புள்ளி என்றால் நான்குக்கு 16. ஓர் உச்சவரம்பு வைத்து அதற்கு மேல் ஏறாமல் நிறுத்துவார்கள். வரம்பு எங்கே, காய் போட்டுக் கொடுத்தவர் மட்டும் கொடுப்பதா அல்லது மற்ற இருவரும் பங்கு கொடுப்பதா என்பதெல்லாம் மேசைக்கு மேசை மாறும். ஸிமோ என்றால் வழக்கமாக மூன்று பேரும் கொடுக்க வேண்டும்.

என்ன கணக்குப் போட்டாலும் கடைசியில அதிர்ஷ்டம்தானே?

ஒரு கையில் அதிர்ஷ்டம் ஜெயிக்கும். ஒரு மாலை முழுக்க ஆடினால் கவனம் ஜெயிக்கும். எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் மாதக்கணக்கில் தோற்ற பிறகு எனக்குப் புரிந்தது இது. என் கை எனக்கு என்ன தரும் என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் கையைப் பார்க்கவே தேவையில்லாமல், நான் போட்ட காய்களை வைத்து என்னைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் காத்திருக்கும் கணக்கு. கையில் 4, 5 இருந்தால் 3 வந்தாலும் 6 வந்தாலும் செட் முடியும். ஆக 8 காய்களுக்கு வாய்ப்பு. 4, 6 இருந்தால் 5 மட்டும்தான், 4 காய். 1, 2 இருந்தாலும் 3 மட்டும், அதே 4 காய். அதனால் ஓரத்து எண்களைவிட நடு எண்களுக்கு மதிப்பு அதிகம். ஜோடிக்காகக் காத்திருந்தால் 3 காய்தான். இவற்றிலிருந்து மேசையில் ஏற்கெனவே விழுந்தவற்றைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 5க்குக் காத்திருக்கும்போது மூன்று 5 கீழே கிடந்தால் அந்தக் கையை மாற்றுவதுதான் புத்தி.

அடுத்தது மற்றவர்களைப் படிப்பது. மூன்று ஃபான் மேசையில் ஒருவர் மூங்கிலில் சீ சொல்லிக் கீழே வைத்துவிட்டார் என்று வையுங்கள். இனி அவரால் எல்லாம் பொங் கை செய்ய முடியாது. அப்படியானால் மூன்று ஃபானுக்கு ஒரே இனக் கையையோ, திசை, வண்ணப் பொங்குகளையோதான் அவர் நம்பியிருக்கிறார். அவர் வட்டத்தையும் வானையும் விசிறிக்கொண்டே ஒரு மூங்கில்கூடப் போடவில்லை என்றால் விஷயம் உறுதி; அவருக்கு மூங்கிலும் திசை, வண்ணக் காய்களும் போடாதீர்கள். சுவர் குறுகிவிட்ட நேரத்தில் இதுவரை யாருமே போடாத ஒரு வண்ணக் காய் உங்கள் கையில் வந்தால், அது யாரோ இரண்டு வைத்துக் காத்திருக்கும் காயாக இருக்கலாம். இப்போதுதான் ஒருவர் போட்டு, யாரும் தொடாமல் விட்ட காய் இருந்தால் அதையே போடுவது பத்திரம். ஜெயிக்க முடியாத கை வந்த நாளில் தோற்காமல் இருப்பதும் ஆட்டம்தான். அதற்காகக் கையிலிருக்கும் நல்ல செட்டை உடைக்கக்கூட வேண்டியிருக்கும். அதை மனசார முதல் தடவை செய்த நாள்தான் எனக்கு இந்த விளையாட்டு பிடிபட்ட நாள்.

ஹாங்காங், ஜப்பான், அமெரிக்கான்னு என்னென்னவோ முறை சொல்றாங்க. நான் எதைக் கத்துக்கணும்?

உங்களுக்குப் பக்கத்தில் யார் ஆடுகிறார்களோ அவர்கள் முறையை. ஆள் இல்லாத முறையைக் கற்று என்ன பயன்? யாரும் இல்லை என்றால் ஹாங்காங் முறையில் தொடங்குங்கள், மிகவும் எளிது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானுக்கு மாஜோங் 1909இல் போனது. அங்கே போட்ட காய்களை ஆறு ஆறாக அவரவர் முன்னால் வரிசையாக வைப்பார்கள், ஹாங்காங்கில்போல நடுவில் கலந்து எறிவதில்லை. நீங்கள் காத்திருக்கும் காயை முன்பே ஒருமுறை போட்டிருந்தால், அடுத்தவர் போடும் காயில் ஜெயிக்க முடியாது என்ற கடுமையான விதியும் உண்டு. அமெரிக்காவில் 1937இல் தொடங்கிய தேசிய மாஜோங் லீக் ஆண்டுதோறும் ஓர் அட்டை வெளியிடுகிறது. அதில் இருக்கும் கைகளைத்தான் கட்ட வேண்டும், ஜோக்கர்களும் உண்டு. தைவானில் கையில் 16 காய். சீன அரசின் விளையாட்டுத் துறை 1998இல் போட்டிகளுக்கென்று 81 வகை மதிப்புகளுடன் ஒரு பொது விதி வகுத்தது.

எனக்கு ஆசை சிச்சுவான் முறை மேல். செங்து நகரத்துத் தேநீர்க் கடைகளில் ஆடுவது அதுதான். மூன்று இனங்களின் 108 காய்கள் மட்டும். சீ கிடையாது. ஏதாவது ஓர் இனத்தை முழுதாகக் கைவிட்டாக வேண்டும். ஒருவர் ஜெயித்ததும் ஆட்டம் நிற்காது. மூன்று பேர் ஜெயிக்கும் வரையோ சுவர் தீரும் வரையோ போய்க்கொண்டே இருக்கும்.

நாங்க மூணு பேர்தான் இருக்கோம். ஆட முடியாதா?

முடியும். மலேசியாவிலும் ஜப்பானிலும் மூன்று பேர் ஆட்டம் பிரபலம். சில இனக் காய்களை எடுத்துவிட்டு ஆடுவார்கள். ஆனால் கற்கும்போது நாலாவது ஆளைத் தேடுங்கள்.

காசு வெச்சுத்தான் ஆடணுமா? எங்க வீட்ல சூதாட்டம்னு சொல்லிக் கோச்சுக்கிறாங்க.

கட்டாயமே இல்லை. நாங்கள் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்துப் புள்ளிக்கு ஆடுகிறோம். ஆனால் உங்கள் வீட்டாரின் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாஜோங்கில் பணம் தொலைத்த குடும்பங்கள் உண்டு. 1949க்குப் பிறகு சீனாவில் சூதாட்டத்தோடு சேர்த்து இதையும் ஒடுக்கினார்கள். கலாசாரப் புரட்சிக் காலத்தில் பழைய கேடுகளில் ஒன்றாகவே பார்த்தார்கள். 1980களில்தான் வெளிப்படையாகத் திரும்ப வந்தது. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த சட்டப்படி, வீட்டுக்குள் குடும்பத்தாரும் நண்பர்களும் சிறிய பந்தயம் வைத்து ஆடுவது குற்றமல்ல. பொது இடத்தில் அந்த விலக்கு செல்லாது.

புள்ளி என்று ஒன்று இல்லாமல் ஆடினால் யாரும் ஆபத்தான காயைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், மேலே சொன்ன படிப்பெல்லாம் வீணாகும். ஆகவே புள்ளி வைத்து ஆடுங்கள், அதைக் காசாக மாற்றாதீர்கள். இது என் கருத்து.

சீனர் துக்க வீட்டுக்குப் போனேன், கீழ்த்தளத்துல மாஜோங் ஆடிட்டிருந்தாங்க. இறந்தவருக்கு மரியாதைக் குறைவு இல்லையா?

இல்லை. சிங்கப்பூரில் சீனர் துக்கம் வழக்கமாக மூன்று, ஐந்து, ஏழு நாள் நடக்கும். இரவெல்லாம் சவப்பெட்டியின் பக்கத்தில் யாராவது விழித்திருக்க வேண்டும், இறந்தவரைத் தனியாக விடக் கூடாது. தூங்காமல் இருக்க உறவினர்களும் அண்டை வீட்டாரும் சீட்டோ மாஜோங்கோ ஆடுகிறார்கள். நம் ஊரில் துக்க வீட்டில் இரவு கூட உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுபோலத்தான். கூப்பிட்டால் உட்காரலாம்; அது நீங்கள் கொடுக்கும் துணை.

ஆடுறவரோட தோளைத் தட்டினேன், மூஞ்சியே மாறிடுச்சு. என்ன தப்புப் பண்ணேன்?

தோளைத் தொட்டால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆடுபவர் பக்கத்தில் புத்தகம் படிப்பதும் ஆகாது. சீனத்தில் புத்தகத்துக்கும் தோல்விக்கும் ஒரே ஒலி, 'ஷூ'. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவர்கள் மேசையில் அவர்கள் மனம் நோகாமல் நடந்துகொள்ளுங்கள்.

ஒரு செட் வாங்கணும். எதைப் பார்த்து வாங்குறது?

முதலில் அளவு. சீனக் காய்கள் ஏறக்குறைய 4 செ.மீ. உயரம், கைக்குக் கனமாக இருக்கும். ஜப்பானியக் காய்கள் 3 செ.மீ.க்கும் குறைவு. வயதானவர்களுடன் ஆடப்போகிறீர்கள் என்றால் பெரியதையே வாங்குங்கள். இப்போது வருபவை பெரும்பாலும் மெலமைன் போன்ற பிளாஸ்டிக். வாங்கியதும் எல்லாவற்றையும் கவிழ்த்து முதுகைப் பாருங்கள். ஒரு காயில் கீறலோ புள்ளியோ இருந்தால் அது எல்லாருக்கும் அடையாளம் ஆகிவிடும். மேசைமேல் கெட்டித்துணி விரியுங்கள். இரவில் கீழ்வீட்டுக்காரர் தூங்க வேண்டும்.

பழைய பெட்டிகளில் முகம் மாட்டெலும்பு, முதுகு மூங்கில். இரண்டையும் புறாவின் வால் வடிவத்தில் செதுக்கிப் பொருத்தியிருப்பார்கள். ஹாங்காங்கில் கையால் செதுக்கும் சிலர் இன்னும் இருக்கிறார்கள். காய்களை விளக்குச் சூட்டில் இளக்கி, உளியால் எழுத்தை வெட்டி, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே வண்ணங்கள் பூசுவார்கள். வட்டங்களுக்குத் தனியாக ஒரு சுழல் கருவி. இயந்திரம் வந்த பிறகு அந்தத் தொழில் மெலிந்துவிட்டது. கைச்செதுக்கல் காயைக் கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், பார்க்காமலேயே என்ன காய் என்று சொல்லலாம். வசதி இருந்தால் அப்படி ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். நானும் அதற்காகத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

நாலு செட் ஒரு ஜோடி இல்லாமலும் ஜெயிக்கலாம்னு ஒரு பாட்டி சொன்னாங்க. நிஜமா?

நிஜம். ஷிசான்யாவ் என்று ஒரு கை உண்டு. மூன்று இனங்களிலும் 1, 9, ஆக ஆறு. நான்கு திசை, மூன்று வண்ணம் என்று ஏழு. இந்த 13 வகையிலும் ஒவ்வொன்று, அவற்றில் ஏதாவது ஒன்று இரட்டை. அதற்கு உச்சவரம்பு மதிப்பு. முதலில் எடுத்த கையில் இவற்றில் ஒன்பது, பத்து வகை இருந்தால் முயலலாம். ஏழு ஜோடிக் கையைச் சில மேசைகள் ஏற்கும், சில ஏற்காது.

இன்னொன்று 'ஒன்பது வாசல்'. வடிவத்தில் வழக்கமான கைதான், ஆனால் அழகு வேறு. ஒரே இனத்தில் 1 மூன்று, 9 மூன்று, நடுவில் 2 முதல் 8 வரை ஒவ்வொன்று. அதே இனத்தில் எந்த எண் வந்தாலும் கை முடியும். 36 காய்களில் 13 உங்களிடம், மீதி 23ம் உங்களுக்கு வெற்றிக்காய்! தாளில் எழுதி ஒன்பது எண்ணையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். செட்டுகளைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நேரில் நான் இன்னும் பார்த்ததில்லை.

பொங் வெச்சிருந்தேன், நாலாவது காய் வந்ததும் சேர்த்துக் காங்னேன். எதிர்ல இருந்தவர் அதையே எடுத்து ஹூன்னுட்டார். இது அநியாயம் இல்லையா?

இல்லை, அது காங்கைக் கொள்ளையடிப்பது என்ற விதி. ஏற்கெனவே கீழே வைத்த பொங்கோடு நான்காவதைச் சேர்க்கும்போது அந்தக் காய் ஒரு கணம் மேசைக்குப் போட்ட காய்போல ஆகிறது. அதற்காகக் காத்திருப்பவர் எடுத்து முடிக்கலாம். நான்கையும் நீங்களே சுவரிலிருந்து எடுத்து மறைவாக வைத்த காங்கில் இது நடக்காது. நீங்கள் பொங் வைத்திருந்த எண்ணுக்கு இரு பக்கமும் உள்ள எண்கள் மேசையில் அதிகம் தென்படவில்லை என்றால், யாரோ அவற்றை வைத்து நடுக்காய்க்குக் காத்திருக்கக்கூடும். அவசரப்படாமல் பார்த்துச் சேருங்கள்.

ஒரே காய்க்கு ரெண்டு பேர் ஹூ சொன்னா?

சில மேசைகளில் காய் போட்டவருக்கு வலப்பக்கம் வரிசையில் முதலில் வருபவருக்குத்தான் அது. சிலர் இருவருக்கும் கொடுக்கிறார்கள். ஃபான் குறைந்தபட்சத்தைக் கேட்கும்போது இதையும் கேட்டு வையுங்கள்.

ஹூ சொல்லிக் காயை விரிச்சேன். எண்ணிப் பார்த்தா ஒண்ணு குறையுது. இப்ப என்ன?

முடிந்துவிட்டது. காய் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கையால் ஜெயிக்க முடியாது. விரிக்கும் முன்பே தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு யாருக்கும் நல்ல காய் போடாமல் ஆட்டத்தை ஓட்டியிருக்கலாம். விரித்துவிட்டதால் அது பொய் ஹூ; பல மேசைகளில் மூன்று பேருக்கும் அபராதம் கொடுக்க வேண்டும்.

குறைந்தது எங்கே என்று பார்த்தால் ஏறக்குறைய எப்போதும் இரண்டே இடம்தான். பூக்காய் வைத்துவிட்டு மாற்று எடுக்க மறந்தது, அல்லது காங் போட்டுவிட்டு மாற்று எடுக்க மறந்தது. கூடிப்போவது பொங் சொன்ன அவசரத்தில் ஒன்றைப் போட மறப்பதால். எதிர்வீட்டு ஆன்ட்டி எனக்குக் கற்றுத்தந்த வழக்கம் இது: காய்களை நான்கு, நான்கு, நான்கு, ஒன்று என்று சிறு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே ஒரு செட் வைத்ததும் கையில் 10, இரண்டு வைத்ததும் 7, மூன்று வைத்ததும் 4. ஒவ்வொரு முறை காயைப் போட்ட பிறகும் கண்ணால் ஒரு தடவை எண்ணிவிடுங்கள்.